கவிதையை இரவல் கொடுத்தவர்

ரான் பேட்ஜெட் என்னும் அமெரிக்கக் கவிஞரின் வரிகளைக் கேட்டிருக்கும் பலருக்கு அவருடைய பெயர் தெரியாது. ஜிம் ஜார்முஷ் இயக்கி 2016ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘பேட்டர்சன்’ படத்தில், நியூ ஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் பேருந்து ஓட்டும் மனிதர் ஒருவர் வருகிறார். ஊரின் பெயரே அவர் பெயரும். காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தும், மதிய உணவு வேளையில் பசாயிக் ஆற்று அருவியைப் பார்த்தபடி பெஞ்சில் அமர்ந்தும் அவர் தம் குறிப்பேட்டில் கவிதை எழுதுகிறார். அவராக நடித்த ஆடம் டிரைவரின் குரலில் ஒலித்துக்கொண்டே திரையின் மேல் கையெழுத்தாக வரி வரியாகத் தோன்றும் அந்தக் கவிதைகள் பேட்ஜெட்டுடையவை. மொத்தம் ஏழு. நான்கு முன்பே எழுதப்பட்டிருந்தவை. மூன்றைப் படத்துக்கென்றே எழுதிக் கொடுத்தார். படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது அவருக்கு வயது 74.

மூத்த கவிஞர் ஒருவருக்குப் பிற்காலத்தில் வாய்த்த அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். படத்தைப் பற்றி எழுதியவர்களில் சிலர் அப்படித்தான் ஒரு வரியில் முடித்துக்கொண்டார்கள். அவருடைய தொகுப்பு நூலையும், அவர் நண்பர்களைப் பற்றி எழுதிய நினைவுநூல்களையும் வாசித்த பிறகு எனக்கு அது வேறு விதமாகத் தெரிகிறது. பள்ளி மாணவராக இருந்த நாளிலிருந்தே, கவிதையைத் தன் ஒருவனுக்கு உரிய உடைமையாகப் பூட்டி வைக்காத பழக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. நண்பரோடு சேர்ந்து எழுதினார். பிரெஞ்சுக் கவிஞர்களின் குரலை ஆங்கிலத்தில் ஏற்றுப் பேசினார். வகுப்பறைகளில் குழந்தைகள் கையில் பாவடிவங்களைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். கற்பனைப் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்குத் தம் கவிதைகளை இரவல் கொடுத்தது இந்த வாழ்க்கையில் புதிய திருப்பமே அல்ல.

பேட்ஜெட் 1942ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பிறந்தார். 1907இல் மாநிலமாக உருவான நாள் முதல் ஓக்லஹோமாவில் மதுவிலக்கு இருந்தது; நாடு முழுவதும் 1933இல் மதுவிலக்கு நீங்கிய பின்னும் அங்கே அது 1959 வரை நீடித்தது. அவருடைய தந்தை வேய்ன் பேட்ஜெட், வெளி மாநிலங்களிலிருந்து மதுவைக் கடத்திக்கொண்டு வந்து டல்சாவில் விற்றவர். அந்தத் தொழிலில் நகரத்தின் பெரும்புள்ளி. தந்தையின் வாழ்க்கையை மகன் பின்னாளில், உறவினர்களையும் பழைய கூட்டாளிகளையும் தேடிப் பேசி, தனி நூலாகவே எழுதினார். 2003இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது. கவிஞர்கள் தம் தந்தையரைப் பற்றி எழுதும்போது வழக்கமாகக் கிளம்பும் புகைமூட்டம் அந்த நூலில் இல்லை. சரக்கு எப்படி வந்தது, யாருக்குப் பணம் போனது, போலீஸ்காரர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஒரு பத்திரிகையாளருக்குரிய பொறுமையோடு செல்கிறது. பேட்ஜெட் கவிதையின் மொழி ஏன் இவ்வளவு நேராகவும் அலங்காரமற்றும் இருக்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீடு நினைவுக்கு வருகிறது. சட்டத்துக்குப் புறம்பான தொழில் நடக்கும் வீட்டில் பேச்சு சுருக்கமாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

1959இல், டல்சா சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, பேட்ஜெட்டும் எதிர்வீட்டுப் பையன் டிக் கேலப்பும் சேர்ந்து ‘தி ஒயிட் டவ் ரெவ்யூ’ என்ற சிற்றிதழைத் தொடங்கினார்கள். ஓவியத்துக்குப் பொறுப்பு, அதே பள்ளியில் படித்த ஜோ பிரெய்னார்ட். வயதில் தங்களைவிட மிக மூத்தவர்களும் நாடறிந்த எழுத்தாளர்களுமான ஜாக் கெரவாக், ஆலன் கின்ஸ்பர்க், ராபர்ட் கிரீலி, லீராய் ஜோன்ஸ் ஆகியோருக்கு இந்தப் பையன்கள் கடிதம் எழுதிப் படைப்பு கேட்டார்கள், அவர்களும் அனுப்பிவைத்தார்கள். 1960 வரை ஐந்து இதழ்கள் வந்தன. ஐந்தோடு நின்றுவிட்டது சிற்றிதழ் உலகின் இயல்பை அறிந்த எவருக்கும் வியப்பளிக்காது. என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது வேறு: பேட்ஜெட் இலக்கியத்துக்குள் கவிஞராக நுழைவதற்கு முன்பே பதிப்பாளராக, பிறர் எழுத்துக்கு இடம் ஒதுக்குபவராக நுழைந்துவிட்டார். பின்னாளிலும் அந்த வேலையை அவர் விடவில்லை.

கொரியாவில் ராணுவப் பணி முடித்துவிட்டு டல்சா பல்கலைக்கழகத்தில் படிக்க வந்திருந்த டெட் பெரிகனும் இந்தக் குழுவோடு சேர்ந்துகொண்டார். அவர் மற்றவர்களைவிட எட்டு வயது மூத்தவர். சில ஆண்டுகளுக்குள் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். கவிஞர் ஜான் ஆஷ்பெரி இவர்களை வேடிக்கையாக ‘டல்சா பள்ளி’ என்று அழைத்தார். நியூயார்க் பள்ளி என்று பெயர் பெற்ற ஃபிராங்க் ஓஹாரா, ஆஷ்பெரி, கென்னத் கோக், ஜேம்ஸ் ஸ்கைலர் ஆகிய கவிஞர்களின் அடுத்த தலைமுறையாக இன்று இலக்கிய வரலாறு இவர்களைப் பதிந்துவைத்திருக்கிறது.

1960இல் பேட்ஜெட் கொலம்பியா கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் கென்னத் கோக் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கோக்கின் வகுப்பைப் பற்றி அவருடைய மாணவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். நகைச்சுவையைக் கவிதைக்குக் கீழான ஒன்றாகக் கருதாத, பயிற்சியை விளையாட்டாகவும் விளையாட்டைப் பயிற்சியாகவும் நடத்திய ஆசிரியர் அவர். கவிஞன் சோகமாகத்தான் இருக்கவேண்டும், ஆழம் என்பது இருளில்தான் கிடைக்கும் என்ற அக்காலத்துக் கல்லூரிப் பிடிமானங்களிலிருந்து ஒரு தலைமுறை மாணவர்களை அவர் விடுவித்தார். 1963இல் கல்லூரி இலக்கிய இதழில் பெரிகனின் கவிதை ஒன்றை வெளியிட நிர்வாகம் தடை சொன்னபோது, பேட்ஜெட் உள்ளிட்ட ஆசிரியர் குழுவினர் விலகி, தடைபட்டவற்றை சைக்ளோஸ்டைல் செய்து தனி இதழாக வெளியிட்டார்கள். அதே ஆண்டில் பெரிகன் தொடங்கிய ‘சி’ என்ற இதழும் சைக்ளோஸ்டைல் இதழ்தான். அச்சகத்துக்குக் காத்திருக்காமல் இரவு எழுதியதை மறுநாள் நண்பர்கள் கையில் கொடுத்துவிடும் வசதி அந்த இயந்திரத்தில் இருந்தது. அந்தக் கவிதைகளில் காணப்படும் வேகத்துக்கும் உரையாடல் தன்மைக்கும் அதுவும் ஒரு காரணம்.

பெரிகனும் பேட்ஜெட்டும் சேர்ந்து எழுதி, பிரெய்னார்டின் ஓவியங்களோடு 1967இல் வெளிவந்த ‘பீன் ஸ்பாஸம்ஸ்’ நூலில் எந்தக் கவிதையை யார் எழுதினார் என்ற குறிப்பு கிடையாது. ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவர் வரியை மற்றவர் தொடர்ந்து, சில நேரம் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி அழித்து உருவாக்கியவை அவை. சந்திக்காமலேயே கற்பனையாக எழுதப்பட்ட, இசையமைப்பாளர் ஜான் கேஜின் நேர்காணல் ஒன்றும் அந்த நூலில் உண்டு. ஆசிரியர் யார் என்று கேட்கும் வாசகருக்கு அந்த நூல் பதில் சொல்ல மறுக்கிறது. கேள்வியையே சிரிப்புக்கு உரியதாக்கிவிடுகிறது. இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த பேட்ஜெட்டின் தனித் தொகுப்பான ‘கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்’ நூலில், இழுப்பறையில் ஒன்றுமில்லை என்று தெரிவிக்கும் ஒரே வரி பதினான்கு முறை வரும் சானட் (பதினான்கு அடிப் பா) ஒன்று இருக்கிறது. முதலில் இதைக் குறும்பு என்றுதான் எடுத்துக்கொள்வோம். பதினான்கு வரியையும் உரக்க வாசித்துப் பார்த்தால், ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து மூடும் ஒருவரின் பொறுமையின்மை, பதற்றம், ஏமாற்றம், சலிப்பு எல்லாம் வாசிப்பவரின் குரலிலேயே தானாக ஏறி வருவதைக் கேட்கலாம். வரி மாறவில்லை, சொல்பவர்தான் மாறுகிறார். வாசகர் தம் குரலைக் கொடுத்தால்தான் இந்தக் கவிதை கவிதையாகிறது.

ஆனாலும் அந்த இளமைக்கால எழுத்து முழுவதையும் இன்று ஒரே ஆர்வத்தோடு வாசிக்க என்னால் முடியவில்லை. நண்பர்கள் வட்டத்துக்குள் எழுந்த சிரிப்பு, வட்டத்துக்கு வெளியே அரை நூற்றாண்டு தள்ளி இருப்பவருக்குச் சில இடங்களில் எட்டுவதில்லை. இந்தக் குறையைச் சரிசெய்தது மொழிபெயர்ப்பு வேலை என்று நினைக்கிறேன். 1964இல் பட்டம் பெற்றபின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் 1965–66இல் பாரிஸ் சென்ற பேட்ஜெட், இருபதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிதையில் ஆழ்ந்தார். அப்போலினேர், பியர் ரெவெர்தி, வாலரி லார்போ, ஓவியர் மார்செல் துஷானுடனான பியர் கபானின் உரையாடல்கள் என்று நீளும் அவருடைய மொழிபெயர்ப்புகளில், பல ஆண்டு உழைப்பின் விளைவாக 1992இல் வெளிவந்த பிளேஸ் சாந்த்ராரின் முழுக் கவிதைத் தொகுப்பு முதன்மையானது. ரயிலிலும் கப்பலிலும் பார்த்ததைப் பார்த்தபடி, அடைமொழி சேர்க்காமல் எழுதிக்கொண்டே போகும் சாந்த்ராரின் பயணக் கவிதைகளுக்கு ஆங்கிலம் தேடிய கை, தம் சொந்தக் கவிதையிலும் நண்பர்களுக்கு மட்டும் புரியும் கண்சிமிட்டலை மெல்லக் குறைத்துக்கொண்டது. ரெவெர்தியிடமிருந்து நிசப்தத்தையும், சாந்த்ராரிடமிருந்து பொருள்களின் மேல் நேரடியாகக் கண் வைப்பதையும் அவர் கற்றார் என்று என் வாசிப்பில் சொல்வேன்.

இனி அவருடைய ஆசிரியப் பணி. அமெரிக்கக் கவிஞர்கள் பலர் பல்கலைக்கழகங்களின் படைப்பெழுத்துத் துறைகளில் நிரந்தரப் பதவி பெற்று, அங்கேயே ஓய்வு பெறுவார்கள். பேட்ஜெட் கொலம்பியாவிலும் புரூக்ளின் கல்லூரியிலும் வகுப்பெடுத்ததுண்டு. ஆனால் அவருடைய உழைப்பின் பெரும்பகுதி ஆரம்பப் பள்ளிகளுக்கும், அப்பள்ளிகளில் பாடம் நடத்துபவர்களுக்கும் போனது. எழுத்தாளர்களைப் பள்ளி வகுப்பறைகளுக்கு அனுப்புவதற்காக 1967இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ‘டீச்சர்ஸ் அண்ட் ரைட்டர்ஸ் கொலாபரேட்டிவ்’ என்ற அமைப்பின் வழியாக, 1969 முதல் அவர் பள்ளிகளுக்குப் போய்க் கவிதை எழுதக் கற்றுக்கொடுத்தார். அதற்குச் சற்று முன்னர்தான் அவருடைய ஆசிரியர் கோக், மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் இருந்த 61ஆம் எண் பொதுப் பள்ளியில் குழந்தைகளைக் கவிதை எழுதவைக்கத் தொடங்கியிருந்தார். கோக்கின் முறை எளியது: ஒவ்வொரு வரியையும் ஓர் ஆசையைச் சொல்லித் தொடங்கு, அல்லது முன்பு எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்று வரிக்கு வரி மாற்றிச் சொல்லு. எதுகை வேண்டாம், எழுத்துப் பிழையைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதே. வகுப்பில் எல்லோரும் ஆளுக்கொரு வரி எழுதிக் கொடுக்க, ஆசிரியர் அவற்றை ஒன்றாக வாசித்தால் அதுவே ஒரு கவிதை. ‘பீன் ஸ்பாஸம்ஸ்’ நூலில் இரண்டு பெரியவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

1976 முதல் 1978 வரை தெற்குக் கரோலினா மாநிலத்தில் இதே போன்ற பணி. பிறகு நியூயார்க் திரும்பி, செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் இயங்கும் ‘பொயட்ரி பிராஜெக்ட்’ அமைப்பின் இயக்குநராக இரண்டு ஆண்டுகள். 1980இல் டீச்சர்ஸ் அண்ட் ரைட்டர்ஸ் அமைப்பின் பதிப்புப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர், 2000ஆம் ஆண்டு வரை அங்கேயே இருந்தார். இருபது ஆண்டுகள்! இந்தக் காலத்தை அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கோ அவருடைய வாழ்வின் நடுத்தூண் இதுதான் என்று படுகிறது. 1987இல் அவர் தொகுத்த பாவடிவக் கையேடு ஒன்றைப் பார்த்தாலே இதன் மதிப்பு விளங்கும். அகர வரிசையில் அமைந்த எழுபதுக்கும் மேற்பட்ட பாவடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் அது என்ன, எங்கிருந்து வந்தது, எடுத்துக்காட்டு, வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற விளக்கம். எழுதியவர்கள் பள்ளிகளில் பாடம் நடத்தும் கவிஞர்கள். நடை, பத்தாம் வகுப்புப் பிள்ளை வாசித்தாலும் விளங்கும். செஸ்டினா, கசல் போன்ற பழைய வடிவங்களுக்குப் பக்கத்திலேயே ‘லூன்’ போன்ற புதிய வடிவங்களுக்கும் அதே மரியாதை தரப்படுகிறது. லூன் என்பது ராபர்ட் கெல்லி என்ற கவிஞர் ஹைக்கூவுக்கு மாற்றாக அசைகளை எண்ணி உருவாக்கிய மூன்றடிப் பா. ஜாக் காலம் என்ற கவிஞர் அதைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றபோது, அசைகளை விட்டு, மூன்று, ஐந்து, மூன்று என்று சொற்களை எண்ணும்படி மாற்றிவிட்டார். வடிவம் புனிதப் பொருளல்ல, தேவைக்கேற்ப வளைக்கலாம் என்ற இந்த மனநிலைதான் கையேடு முழுவதும் ஓடுகிறது.

1997இல் வாசிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தவறாகப் படிப்பதையும், வரி தாவிப் படிப்பதையும் ஆசிரியர்கள் தண்டிக்க வேண்டிய குற்றங்களாகப் பார்க்காமல், அவற்றிலிருந்து புதிய எழுத்து பிறக்கும் வழிகளை அதில் ஆராய்ந்தார். கல்வித்துறையில் இது எவ்வளவு தூரம் ஏற்கப்படும் என்பது வேறு விஷயம். தேர்வுக்குத் தயார் செய்யும் ஆசிரியருக்கு இந்த நூல் எரிச்சலைத்தான் தரும்.

கோக்கின் வகுப்பிலிருந்து இதே பாதையில் வந்த இன்னொருவர்தான் ஜிம் ஜார்முஷ். 1953இல் ஓஹையோ மாநிலத்தில் பிறந்த அவர், கொலம்பியாவில் படித்தது திரைப்படம் அல்ல, இலக்கியம். அவருக்கும் ஆசிரியர் கென்னத் கோக். இன்னோர் ஆசிரியர் டேவிட் ஷாபிரோ. இந்த ஷாபிரோவோடு சேர்ந்துதான் பேட்ஜெட் 1970இல் நியூயார்க் கவிஞர்களின் தொகைநூலைத் தொகுத்திருந்தார். கோக் தமக்கு ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயின் கவிதை ஒன்றைக் கொடுத்து மொழிபெயர்த்து வரச் சொன்னதையும், தமக்கு ஜெர்மன் தெரியாதே என்று முறையிட்டபோது, அதனால்தான் கொடுக்கிறேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதையும் ஜார்முஷ் நேர்காணல்களில் விவரித்திருக்கிறார். தெரியாத மொழியின் மேல் தன் கற்பனையை ஏற்றிப் பார்க்கச் சொல்லும் அந்தப் பயிற்சிக்கும், தவறான வாசிப்பைப் போற்றும் பேட்ஜெட்டின் நூலுக்கும் ஊற்று ஒன்றே. பத்து ஆண்டு இடைவெளியில் ஒரே ஆசிரியரிடம் பயின்ற இருவர், பல ஆண்டுகள் கழித்து ஒரு படத்தில் சேர்ந்து வேலை செய்தார்கள் என்று பார்த்தால், ‘பேட்டர்சன்’ படத்தில் பேட்ஜெட் இடம்பெற்றது தற்செயல் அல்ல என்பது புரியும்.

படத்தின் மேல் நேரடியாக விழும் நிழல் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸுடையது. அருகிலிருந்த ரதர்ஃபோர்டில் மருத்துவராகத் தொழில் செய்துகொண்டே, பேட்டர்சன் நகரத்தை ஒரு மனிதனாக உருவகித்து 1946 முதல் 1958 வரை ஐந்து பகுதிகளாக நெடுங்கவிதை எழுதியவர் அவர். அந்த நகரத்துக்கு ஒரு நாள் பயணமாகப் போய்வந்த ஜார்முஷ், படத்துக்கான கருவை எழுதி வைத்துவிட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தார். மருத்துவர் எழுதலாம் என்றால் ஓட்டுநரும் எழுதலாம். ஆனால் ஓட்டுநரின் கவிதை எப்படி இருக்கும்? படத்துக்காக யாராவது ‘எளிய மனிதரின் கவிதை’ என்று செயற்கையாக ஒன்றைத் தயாரித்திருந்தால் படம் அங்கேயே சரிந்திருக்கும். எளிமையை வேடமாகப் போடாமல் ஐம்பது ஆண்டுகளாக அதையே தம் இயல்பான குரலாக்கிக்கொண்டிருந்த ஒருவர் தேவைப்பட்டார்.

படத்தின் முதல் நாள் காலையில் பேட்டர்சன் சிற்றுண்டி உண்ணும்போது மேசையில் கிடக்கும் தீப்பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். அன்று அவர் எழுதத் தொடங்கும் கவிதை அந்தத் தீப்பெட்டியைப் பற்றியது. எங்கள் வீட்டில் நிறையத் தீக்குச்சிகள் உண்டு என்று ஆரம்பித்து, முன்பு வாங்கிய கம்பெனி எது, இப்போது பிடித்தது எது, பெட்டியின் நிறம் என்ன, அதன் மேல் எழுத்துகள் எந்த வடிவில் அச்சிடப்பட்டிருக்கின்றன என்று கடைக்காரர் சரக்கு விவரம் சொல்வதைப் போலவே போகிறது. ஒரு கட்டத்தில் தீக்குச்சியும் சிகரெட்டுமாகக் காதலர் இருவர் மாறிவிடுகிறார்கள். படத்துக்கு வெகுகாலம் முன்பே எழுதி முடிக்கப்பட்ட கவிதை இது. ஆகவே ஜார்முஷ் செய்ய வேண்டியிருந்தது விசித்திரமான வேலை: முடிந்துவிட்ட கவிதையை எடுத்து, அது இன்னும் முடியவில்லை என்பதுபோல் பின்னோக்கிப் பிரித்து, வண்டி கிளம்பும் நேரம் வந்துவிட்டதால் பாதியில் நிற்கும் வரி, நடந்து செல்லும்போது மனத்தில் திரும்பச் சொல்லிப் பார்க்கும் வரி, மதிய வேளையில் சேரும் வரி என்று துண்டுகளாக்கிக் காட்ட வேண்டும். எழுதுவதைத் திரையில் காட்ட முயன்ற படங்களில் கசக்கி எறியும் தாள்களும் தலையைப் பிடித்துக்கொள்ளும் கைகளும்தான் அதிகம். இங்கே கவிதை உருவாகும் வேகமும் பேருந்தின் வேகமும் ஒன்றாகவே இருக்கின்றன. அந்தப் பொருத்தம் பேட்ஜெட்டின் வரியமைப்பால் வந்தது. அவருடைய வரிகள் எங்கே நிறுத்தினாலும் நிற்கும். மறுபடி எங்கிருந்து தொடங்கினாலும் நகரும்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. ஜார்முஷ் தேர்ந்தெடுத்துக்கொண்டது பேட்ஜெட்டின் கனிவான பக்கத்தை. பதினான்கு முறை ஒரே வரியை எழுதிய குறும்புக்காரர் படத்தில் இல்லை. கற்பனை நேர்காணலுக்குத் தம் நூலில் இடம் கொடுத்தவரும் இல்லை. ஆடம் டிரைவர் ஒவ்வொரு சொல்லையும் எழுதும் வேகத்திலேயே, தயங்கித் தயங்கிச் சொல்வது பாத்திரத்துக்குப் பொருந்துகிறது; ஆனால் பேட்ஜெட்டின் நகைச்சுவை அந்தத் தயக்கத்தில் பாதி கரைந்துவிடுகிறது. நீ என்னை விட்டுப் போனால் இதயத்தைப் பிய்த்தெறிவேன் என்று மிகையாகச் சொல்லும் காதல் கவிதை, ஏட்டில் வாசிக்கும்போது காதலனே தன்னைக் கேலி செய்துகொள்வதாக ஒலிக்கிறது. படத்தில் அது மென்சோகமாக மாறிவிட்டது. இரவல் கொடுத்த பொருள் வாங்கியவர் உபயோகத்துக்கு ஏற்ப மாறுவது இயற்கைதான். படத்தை மட்டும் பார்த்துவிட்டு இவர் இனிமையான கவிஞர் என்று முடிவுகட்டிவிடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

படத்தில் சிறுமி ஒருத்தி மழையைப் பற்றித் தன் கவிதையை ஓட்டுநருக்கு வாசித்துக் காட்டும் காட்சி உண்டு. அந்தக் கவிதை மட்டும் பேட்ஜெட் எழுதியதல்ல, ஜார்முஷே எழுதியது. பள்ளிகளில் பல ஆண்டுகள் குழந்தைகளுக்குக் கவிதை கற்பித்தவர் பக்கத்தில் இருக்க, குழந்தையின் கவிதையை இயக்குநர் எழுதினார் என்பது எனக்கு வேடிக்கையாகப் பட்டது. கோக்கின் வகுப்பில் உட்கார்ந்த எவருக்கும் அது கைவரும் போலும்.

சனிக்கிழமை இரவு மார்வின் என்ற வீட்டு நாய் குறிப்பேட்டைக் கடித்துக் குதறிவிடுகிறது. பிரதி எடுத்து வைக்கும்படி மனைவி லாரா கெஞ்சியும் கேட்காத ஓட்டுநரின் கவிதைகள் அத்தோடு அழிந்தன. கதையில் அவை அழிந்த அதே நேரத்தில், அவற்றுள் பழையவை 2013இல் காஃபி ஹவுஸ் பதிப்பகம் வெளியிட்ட, ஏறக்குறைய 800 பக்கம் கொண்ட பேட்ஜெட்டின் முழுத் தொகுப்பில் பத்திரமாக இருந்தன. அந்தத் தொகுப்புக்கு அமெரிக்கக் கவிதைக் கழகம் அளித்த விருதின் பெயர், வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் விருது. பேட்டர்சன் நகரத்தோடு அவரைச் சேர்த்துவைக்கும் கணக்கு, படம் வருவதற்கு முன்பே எங்கோ தொடங்கிவிட்டதாகத்தான் தோன்றுகிறது.

திரையோடு அவருக்கு உள்ள இன்னொரு தொடர்பு இதைவிடச் சிறியது; ஆனால் எனக்கு இதைவிட நெருக்கமானது. ஜோ பிரெய்னார்ட் 1994இல் எய்ட்ஸ் தொடர்பான நிமோனியாவால் இறந்தார். ஒவ்வொரு பத்தியையும் ‘எனக்கு நினைவிருக்கிறது’ என்று தொடங்கி, பிள்ளைப்பருவத்து வெட்கங்களையும் ஆசைகளையும் மிட்டாய்களையும் வரிசைப்படுத்திச் செல்லும் அவருடைய நூல் 1970இல் வெளிவந்தது. இன்றுவரை எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். மேட் வுல்ஃப் 2012இல் எடுத்த குறும்படத்தில், பிரெய்னார்டு அந்த நூலை வாசிக்கும் பழைய ஒலிப்பதிவும், பேட்ஜெட் தம் நண்பரைப் பற்றிப் பேசும் குரலும் மாறி மாறி வருகின்றன. இறந்தவர் ஒரு நினைவைச் சொல்ல, இருப்பவர் இன்னொன்றைச் சேர்க்கிறார். அதே ஆண்டில் லைப்ரரி ஆஃப் அமெரிக்கா வெளியிட்ட பிரெய்னார்டின் எழுத்துத் தொகுப்பையும் பேட்ஜெட்டே பதிப்பித்தார். 1983இல் மறைந்த பெரிகனைப் பற்றி 1993இலும், பிரெய்னார்டைப் பற்றி 2004இலும் அவர் எழுதிய நினைவுநூல்களில், நண்பரின் குறைகளை மறைக்காத நேர்மை இருக்கிறது. குறிப்பாகப் பெரிகன் மாத்திரைப் பழக்கத்துக்கு ஆட்பட்டதையும், அதனால் நட்பில் விழுந்த விரிசலையும் அவர் மெழுகிப் பூசவில்லை.

விருதுகள் தாமதமாகத்தான் வந்தன. 2009இல் ஷெல்லி நினைவு விருது. ‘ஹௌ லாங்’ தொகுப்பு 2012இல் புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தது. 2018இல் ஃபிராஸ்ட் பதக்கம். படத்துக்குப் பின்னரும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. வெர்மான்ட் மாநிலத்துக் காட்டுக்குடிலில் எழுதிய கவிதைகளைக் கொண்ட ‘பிக் கேபின்’ 2019இல் வந்தது, ‘டாட்’ 2022இல். முதுமையைப் பற்றி அவற்றில் நிறைய இருக்கிறது, புலம்பல் இல்லை.

படத்தைப் பார்த்துவிட்டு இவரைத் தேடி வாசிக்க விரும்புகிறவர்களுக்கு என் பரிந்துரை: முழுத் தொகுப்பின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டாம், அங்கே இருப்பது இருபது வயதுக்காரரின் அவசரம். ‘ஹௌ லாங்’ தொகுப்பிலிருந்தோ, அறிவுரைகளின் பட்டியலாகவே நீளும் தலைப்புக் கவிதையைக் கொண்ட ‘ஹௌ டு பி பெர்ஃபெக்ட்’ தொகுப்பிலிருந்தோ தொடங்கலாம். அடுத்து பிரெய்னார்டைப் பற்றிய நினைவுநூல். ஆசிரியராக இருப்பவர்கள் பாவடிவக் கையேட்டை வாங்கி மேசை மேல் வைத்துக்கொள்ளலாம். ‘பீன் ஸ்பாஸம்ஸ்’ நூலைக் கடைசியாக எடுங்கள். அதையும் தனியாக வாசிக்காமல், சிரிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரை எதிரில் உட்காரவைத்துப் பக்கத்துக்குப் பக்கம் மாற்றி மாற்றி வாசியுங்கள்.